மூன்று மாதம் ஊரில் இல்லையா? மின்சாரக் காரை நிறுத்திவிட்டுப் போகும் முறை

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, ஏர்வாடி பக்கம் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் வீட்டு வாசலில் மின்சாரக் கார் நிற்பதை இப்போது சாதாரணமாகப் பார்க்கலாம். லீவில் வந்து ஒரு மாதம் ஓட்டிவிட்டு மதுரையில் விமானம் ஏறினால், அந்தக் கார் மூன்று மாதமோ ஆறு மாதமோ நின்ற இடத்திலேயே நிற்கும். திரும்பி வந்து ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்காது, விளக்கு எரியாது. "பேட்டரி போச்சு, பல லட்சம் ஆகும்" என்று பார்ப்பவர்கள் பயமுறுத்துவார்கள். பெரும்பாலும் போயிருப்பது அந்தப் பெரிய பேட்டரி அல்ல. பானெட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் சின்ன பேட்டரிதான் செத்திருக்கும். அதன் விலை சில ஆயிரம் ரூபாய். கிளம்பும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அந்தச் செலவும் வராது.

எது காலியாகிறது, ஏன்?

மின்சாரக் காரில் இரண்டு பேட்டரி உண்டு. சீட்டுக்கு அடியில் இருக்கும் பெரிய லித்தியம் பேட்டரி மோட்டாரை ஓட்டுகிறது. பூட்டு, விளக்கு, திரை, கம்ப்யூட்டர்கள், அலாரம் எல்லாம் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகின்றன. காரை அணைத்ததும் பெரிய பேட்டரியின் உள்ளே இருக்கும் காண்டாக்டர் என்ற சுவிட்ச் திறந்துகொண்டு அதைத் தனியாகத் துண்டித்துவிடும். அதனால் பெரிய பேட்டரி தானாக இழப்பது மாதம் 1 முதல் 3 சதவீதம்தான். ஆனால் அந்தக் காண்டாக்டரை மறுபடி மூடுவதற்கு 12 வோல்ட் கரண்ட் வேண்டும். சின்ன பேட்டரி செத்தால், பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருந்தாலும் எடுக்க வழியில்லை. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் வாளிக் கயிறு அறுந்த நிலைமை.

நிற்கும்போது அந்தச் சின்ன பேட்டரியை இழுப்பவை பல. சாவியின் சிக்னலுக்குக் காத்திருக்கும் ரிசீவர், அலாரம், செல்போன் ஆப்புடன் பேசும் சிம் பெட்டி ஆகியவை கம்பெனியிலிருந்தே வருபவை. ஜி.பி.எஸ். டிராக்கரும் டேஷ் கேமராவும் நாம் பின்னால் மாட்டியவை. நன்றாகத் தூங்கும் கார் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 30 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாதத்தில் பாதியாகும், இரண்டு மாதத்தில் தரைதட்டும். டிராக்கரும் கேமராவும் சேர்ந்து 60 ஆக்கினால் பாதியாவதற்கு 16 நாள் போதும். ஈய-அமிலப் பேட்டரி சும்மா இருந்தாலே மாதம் 3 முதல் 5 சதவீதம் இழக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால் நம் ஊர் சித்திரை வெயிலில் கணக்கு இன்னும் மோசம்.

சில மாடல்களில், நிற்கும்போது 12 வோல்ட் இறங்கினால் கார் தானே விழித்து, பெரிய பேட்டரியிலிருந்து சின்னதற்கு ஊட்டிவிடும். சிலவற்றில் அந்த வசதி இல்லை. இருக்கும் கார்களிலும் பெரிய பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே போனால் ஊட்டுவது நின்றுவிடும். உங்கள் காரின் மேனுவலில் '12 வோல்ட்', 'நீண்ட நாள் நிறுத்தம்' பற்றிய பக்கங்களைக் கிளம்பும் முன் படித்துவிடுங்கள். இங்கே சொல்வதற்கும் மேனுவலுக்கும் முரண் வந்தால் மேனுவல் சொல்வதே சரி.

துபாயிலிருந்து ஆப்பைத் திறப்பது

இதைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, காரில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று தினமும் ஆப்பில் பார்ப்பவர்கள் நிறையப் பேர். பல மாடல்களில், நீங்கள் புதுப்பிக்கும் பட்டனை அழுத்தியதும் கார் முழுதாக விழித்துக்கொள்ளும். விழித்த கார் இழுப்பது மில்லி ஆம்பியரில் அல்ல, ஆம்பியர் கணக்கில். 6 ஆம்பியர் வீதம் 10 நிமிடம் விழித்திருந்தால் 1 ஆம்பியர்-மணி போய்விடும். அது கார் ஒன்றரை நாள் தூங்கியபடி செலவழிப்பதற்குச் சமம். அக்கறையோடு தினம் பார்ப்பதே காரைக் கொல்லும். பார்த்தே ஆகவேண்டும் என்றால் மாதம் ஒருமுறை போதும். ஆப்பின் அறிவிப்புகள், நேரம் குறித்து ஏ.சி. போடும் வசதி, நேரம் குறித்த சார்ஜிங் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

சாவியும் இதே வேலையைச் செய்யும். காருக்குப் பக்கத்துச் சுவரில், ஆணியில் தொங்கும் சாவி அடிக்கடி காரோடு பேசிக்கொண்டிருக்கும். குறைந்தது 10 மீட்டர் தள்ளி, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போட்டு வையுங்கள். ஃபாஸ்டேக் ஸ்டிக்கருக்கு பேட்டரி கிடையாது, அது எதையும் இழுக்காது.

பெரிய பேட்டரிக்கும் இதில் பங்கு உண்டு. நிற்கும் காரில் ஏதோ ஒன்று 20 வாட் அளவுக்கு விழித்தே இருந்து, அதைக் கார் பெரிய பேட்டரியிலிருந்து ஈடுகட்டிக்கொண்டே வந்தால், ஒரு நாளைக்கு அரை யூனிட் போகும். 30 யூனிட் பேட்டரியில் அது ஒன்றரை சதவீதத்துக்கும் மேல். 60 சதவீதத்தில் விட்ட கார் 25 நாளில் 20 ஆகிவிடும். அதே கார் நன்றாகத் தூங்கினால் மூன்று மாதம் கழித்தும் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும்.

கிளம்பும் ஒரு வாரத்துக்கு முன்: கார் தூங்குகிறதா என்று பாருங்கள்

முந்நூறு, நானூறு ரூபாய் டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். காரை அணைத்து, பானெட்டைத் திறந்தபடியே விட்டு, ஒரு மணி நேரம் கழித்து 12 வோல்ட் பேட்டரியின் இரு முனையிலும் வைத்துப் பாருங்கள். ஈய-அமிலப் பேட்டரியில் 12.6, 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். 11.8-க்குக் கீழே காலி என்றே கொள்ளுங்கள். காரை ஓட்டாமல் மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். 12.7 என்பது 12.6 ஆனால் சரி. 12.3-க்கு வந்துவிட்டால் ஒன்று ஏதோ தூங்காமல் இருக்கிறது, அல்லது பேட்டரி கிழடாகிவிட்டது. டிராக்கரையும் கேமராவையும் கழற்றிவிட்டு, பேட்டரியை நிறைத்து, இன்னொரு மூன்று நாள் பாருங்கள். இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

பேட்டரிக்கு மூன்று வயது தாண்டியிருந்தால் கிளம்பும் முன்பே மாற்றிவிடுவதே நல்லது. அதே அளவு, அதே வகையில் வாங்குங்கள். ஏ.ஜி.எம். வகை (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்து மூடிய பேட்டரி) இருந்த இடத்தில் சாதா பேட்டரியை வைக்க வேண்டாம்.

எத்தனை சதவீதத்தில் விடுவது?

50-லிருந்து 60 சதவீதம். "நிறைய நாள் நிற்கப்போகிறதே" என்று 100 ஏற்றி விடுவது நல்ல எண்ணத்தில் செய்யும் தவறு. லித்தியம் செல் நிறைந்த நிலையில், அதுவும் வெயிலில், சும்மா நின்றாலே மூப்படையும். ஹூண்டாய் கோனா போன்ற கார்களில் வரும் என்.எம்.சி. (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) வகை லித்தியம் செல்லுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். டாடா நெக்சான், டியாகோ, பி.ஒய்.டி. கார்களில் வரும் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் கொஞ்சம் தாங்கும் என்றாலும் அதற்கும் 60 போதும். 20-க்குக் கீழே மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். அங்கிருந்து மெல்ல இறங்கி அடிமட்டத்தைத் தொட்டால் அதுதான் உண்மையிலேயே லட்சங்களில் முடியும் பழுது.

நிறுத்தும் இடம்

தகரக் கொட்டகையைவிடத் தென்னங்கீற்றுக் கொட்டகை குளிர்ச்சி. ஆனால் கீற்றில் எலியும் அணிலும் குடியிருக்கும், இறங்கி வந்து ஒயரைக் கடிக்கும். பானெட்டுக்குள் துணிப்பையில் அந்துருண்டையோ புகையிலையோ கட்டி வையுங்கள். தரையில் தேங்காய் மட்டை, சாக்கு என்று எதுவும் குவிந்து கிடக்க வேண்டாம். ஆரஞ்சு நிற ஒயர் கடிபட்டிருந்தால் தொடாதீர்கள், அது பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்த ஒயர்.

காரின் மூக்கு வாசலைப் பார்த்து இருக்கட்டும். 12 வோல்ட் செத்தால் 'பி' (பார்க்கிங்) நிலையிலிருந்து கியர் மாறாது, எலெக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் விடாது, காரைத் தள்ளவும் முடியாது. மூக்கு சுவரோடு ஒட்டி நின்றால் பானெட்டைத் திறக்கக்கூட இடம் இருக்காது. கீழக்கரையின் குறுகிய சந்துகளில் இது பெரும் பாடு. கையால் இழுக்கும் ஹேண்ட்பிரேக் உள்ள காரில் அதைப் போடாமல், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள். இல்லாவிட்டால் உப்புக்காற்றில் பிரேக் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். டயரில் வழக்கத்தைவிட 3, 4 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காற்று அடித்துவிடுங்கள்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் உப்பும் எங்கும் படியும். நிறுத்துவதற்கு முந்தின நாள் காரை, குறிப்பாக அடிப்பாகத்தை, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கடலோரத்தில் பல வீட்டு போர் தண்ணீர் உவர். அதில் கழுவினால் உப்பைப் போக்குவதற்குப் பதில் பூசுவதாகிவிடும். காவிரித் தண்ணீர் இரண்டு குடம் செலவானாலும் கடைசி அலசல் அதில் இருக்கட்டும். கழுவிய பின் ஒரு நடை ஓட்டிக் காய வைத்து, சார்ஜ் மூடியின் உட்புறத்தையும் துணியால் துடைத்து மூடுங்கள். பிளாஸ்டிக் கவர் போட்டால் உள்ளே வேர்த்துக்கொண்டே இருக்கும். காற்றுப் போகும் துணிக் கவர் நல்லது. அதையும் இறுக்கிக் கட்டுங்கள், ஆடினால் மணல் உரசி பெயின்டில் கீறல் விழும்.

இரண்டு வாரத்துக்கு மேல், வீட்டில் யாரும் இல்லை என்றால்: 12 வோல்ட்டைக் கழற்றுங்கள்

இரண்டு வாரம் வரை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அதற்கு மேல், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால், மைனஸ் ஒயரைக் கழற்றிவிடுவதே உறுதியான வழி. மேனுவல் அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள். 12 வோல்ட் பேட்டரி டிக்கியில் இருக்கும் காரில், டிக்கி மின்சாரத்தில்தான் திறக்கும் என்றால் கழற்ற வேண்டாம், திரும்பி வந்து திறக்கச் சிரமப்படுவீர்கள்.

முதலில் ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை எடுத்து, ஓட்டுநர் கதவின் ஓட்டையில் போட்டுத் திருப்பிப் பாருங்கள். சில கார்களில் கைப்பிடியின் ஓரத்து மூடியைக் கழற்றினால்தான் ஓட்டை தெரியும். வருடக்கணக்கில் திருப்பாத பூட்டு உப்பில் இறுகியிருக்கும். இப்போது திறக்காதது பிறகும் திறக்காது. இது வேலை செய்தால் மட்டும் மேலே போங்கள்.

1. சார்ஜர் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். காரை அணைத்து, பானெட்டைத் திறந்து வையுங்கள்.

2. உள்ளே இருக்கும் சென்ட்ரல் லாக் பட்டனால் மற்ற கதவுகளைப் பூட்டி, வெளியே வந்து ஓட்டுநர் கதவை உலோகச் சாவியால் பூட்டுங்கள். ரிமோட்டில் பூட்டினால் அலாரம் விழித்து நிற்கும்.

3. அரை மணி நேரம் காத்திருங்கள். கம்ப்யூட்டர்கள் தகவலைச் சேமித்துத் தூங்குவதற்கு நேரம் வேண்டும். அவசரப்பட்டு உடனே கழற்றினால் திரும்பி வரும்போது கோளாறு விளக்குகள் வரிசை கட்டும்.

4. மோதிரம், வாட்ச், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். 10 எம்.எம். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். மைனஸ் முனை நட்டைத் தளர்த்தி ஒயரை எடுங்கள். பிளஸ்ஸைத் தொட வேண்டாம். ஸ்பேனர் ஒரே நேரத்தில் பிளஸ்ஸையும் பாடியையும் தொட்டால் தீப்பொறி பறக்கும்.

5. முனையில் வெள்ளையாகவோ நீலமாகவோ பூத்திருந்தால், ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து பழைய பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துக் காயவிடுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரி மூடித் துளைக்குள் போகக் கூடாது. காய்ந்ததும் வாசலின் பூசுங்கள். கடலோரத்தில் இந்தப் பூச்சை விட்டுவிடாதீர்கள்.

6. கழற்றிய ஒயர் முனையைத் துணியில் சுற்றி, பேட்டரியைத் தொடாதபடி ஓரமாகக் கட்டிவிட்டுப் பானெட்டை அழுத்தி மூடுங்கள்.

கழற்றிய பின் ஆப் வேலை செய்யாது, அலாரமும் இருக்காது. தெருவோரத்தில் நிற்கும் காருக்கு இது ஒரு குறைதான். காம்பவுண்டுக்குள் நிறுத்துங்கள். கழற்றிய பேட்டரியும் சும்மா இருந்தபடியே கொஞ்சம் இழக்கும் என்பதால், நிறைந்த நிலையில் கழற்றினால்தான் ஆறு மாதம் தாங்கும்.

வீட்டில் ஆள் இருந்தால்

கழற்றாமல், 15 நாளுக்கு ஒருமுறை தம்பியோ மச்சானோ காரை எடுத்து ஓட்டுவதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் போய்வந்தாலே 12 வோல்ட் ஓரளவு தேறிவிடும், பிரேக்கின் துருவும் உதிரும், டயரும் ஒரே இடத்தில் அழுந்தாது. ஓட்டத் தெரியாதவர் என்றால் ஒரு மணி நேரம் 'ரெடி' நிலையில் (ஓட்டத் தயாராக, பெரிய பேட்டரி சின்னதற்கு ஊட்டும் நிலையில்) வைத்தால் போதும், ஏ.சி. வேண்டாம். பெரிய பேட்டரியில் ஏறத்தாழ 1 சதவீதம்தான் செலவாகும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் திரையும் பாட்டும் வரும், ஆனால் கார் 'ரெடி' ஆகியிருக்காது. அந்த நிலையில் 12 வோல்ட் ஏறாது, இறங்கும். ஒரு மணி நேரம் அப்படி விட்டால் உதவி உபத்திரவமாகிவிடும். துண்டுச்சீட்டில் இப்படி எழுதிச் சாவியோடு கட்டிவிடுங்கள்: "பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்து. திரையில் 'ரெடி' என்று பச்சையாக வரவேண்டும். வரவில்லை என்றால் அணைத்துவிட்டு எனக்கு போன் பண்ணு. 30 சதவீதத்துக்குக் கீழே வந்தால் 60 வரை சார்ஜ் போடு."

சார்ஜரை மாட்டியே விட்டுப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆளில்லாத வீட்டில், இந்தக் கரையில், வேண்டாம். மின்தடை, வோல்டேஜ் ஏற்ற இறக்கம், ஐப்பசி இடி மின்னல், பிளக்கில் ஏறும் உப்பு என்று எல்லாமே அதற்கு எதிரி. எங்கே நிறுத்த வேண்டும் என்று சதவீதம் குறிக்கும் வசதி இல்லாத காராக இருந்தால் 100-லேயே மாதக்கணக்கில் நிற்கும்.

மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகையில் ஊருக்கு வராதவர்கள் காரை மேட்டில் நிறுத்துங்கள். மழைத்தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு வருவதைவிட, கடல்தண்ணீர் கொஞ்சம் ஏறுவது ஆபத்து. 2022-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயன் புயலின்போது கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, தண்ணீர் வடிந்த பிறகு தீப்பிடித்தன. உப்பு உள்ளே படிந்து செல்களுக்கு இடையே மின்சாரம் பாய வழி செய்துவிடுவதே காரணம். உங்கள் காரின் அடிப்பாகம் கடல்நீரில் மூழ்கியது என்று தெரிந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். லாரியில் ஏற்றி வீட்டிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளித் திறந்த வெளியில் நிறுத்திவிட்டு, சர்வீஸ் ஆளை வரவழையுங்கள்.

திரும்பி வந்த பிறகு

கழற்றி வைத்திருந்தால், உலோகச் சாவியால் கதவைத் திறந்து, ஓட்டுநர் காலடியில் உள்ள பானெட் லீவரை இழுத்து, மீட்டரில் பேட்டரியைப் பாருங்கள். 12.2-க்கு மேல் இருந்தால் மைனஸ்ஸை மாட்டி இறுக்கி, 5 நிமிடம் பொறுத்து 'ரெடி' போடுங்கள். கடிகாரத்தையும், ஜன்னல் தானாக ஏறி இறங்குவதையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும்.

செத்தே போயிருந்தால் வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுக்கலாம். மின்சாரக் காரை எழுப்ப பெட்ரோல் கார் ஸ்டார்ட்டர் அளவுக்குக் கரண்ட் வேண்டாம், கம்ப்யூட்டர்களும் காண்டாக்டரும் விழித்தால் போதும். கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர், நாட்டுப்படகில் விளக்குக்கு வைத்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி என எதுவும் ஆகும். இன்வெர்ட்டர் பேட்டரி என்றால் முதலில் இன்வெர்ட்டரை அணைத்து அதன் ஒயர்களைக் கழற்றுங்கள். இரண்டு பேட்டரி சேர்ந்த 24 வோல்ட் செட்டாக இருந்தால் ஒன்றை மட்டும் தனியாக எடுங்கள். 24 வோல்ட்டைக் காரில் கொடுத்தால் கம்ப்யூட்டர்கள் கருகிவிடும்.

மாட்டும் வரிசை: சிவப்பு கிளிப் காரின் பிளஸ்ஸில், மறுமுனைச் சிவப்பு உதவி பேட்டரியின் பிளஸ்ஸில், கறுப்பு உதவி பேட்டரியின் மைனஸ்ஸில், கடைசிக் கறுப்பு காரின் பாடியில் பெயின்ட் இல்லாத போல்ட்டில். ஐந்து, பத்து நிமிடம் கழித்து 'ரெடி' போடுங்கள். வந்ததும் எதிர் வரிசையில் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் 'ரெடி'யிலேயே விடுங்கள். கோளாறு விளக்குகள் நான்கைந்து எரிந்தால் பதற வேண்டாம். குறைந்த வோல்ட்டேஜில் வந்தவை என்றால் காரை ஒருமுறை அணைத்துப் போட்டு, சில கிலோமீட்டர் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். பெரிய பேட்டரி அல்லது பிரேக் விளக்கு போகாவிட்டால் மட்டும் ஓட்டாமல் சர்வீஸைக் கூப்பிடுங்கள். உங்கள் மின்சாரக் காரிலிருந்து இன்னொருவரின் பெட்ரோல் காருக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள், பெரிய பேட்டரியின் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டர் அந்த இழுப்பைத் தாங்காது.

முதல் சார்ஜ் வீட்டுச் சார்ஜரில் மெதுவாக. எல்.எஃப்.பி. என்றால் 100 வரை ஏற்றி, அதன் பிறகும் இரண்டு மணி நேரம் மாட்டியே விடுங்கள். நீண்ட நாள் நின்றதில் சதவீதக் கணக்குத் தவறியிருக்கும், செல்களும் ஏறுக்குமாறாக இருக்கும். இதில் இரண்டும் சீராகும். நெடுஞ்சாலை ஃபாஸ்ட் சார்ஜர் அதற்குப் பிறகு.

பிரேக்கைத் தேய்க்க ஒரு வழி: ஆளில்லாத நேரான சாலையில் 40 வேகத்தில் போய், 'என்'-இல் (நியூட்ரலில்) போட்டு மெல்ல பிரேக் பிடியுங்கள். கியரில் இருந்தால் மோட்டாரே காரை நிறுத்திவிடும், டிஸ்க்கின் துரு அப்படியே இருக்கும். ஏழெட்டு முறை செய்தால் கரகர சத்தம் அடங்கும். இரண்டு நாள் கழித்து, இரவு முழுக்க நின்ற காரில் காலையில் 12 வோல்ட்டை அளந்து பாருங்கள். 12.4-க்குக் கீழே என்றால் அந்தப் பேட்டரி இனி சார்ஜைப் பிடித்து வைக்காது. லீவு முடியும் வரை காத்திராமல் அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.